தோற்றவர்கள் பேசும் அவை

1962 பொதுத்தேர்தலில் காஞ்சிபுரம் தன் ஊர்ப் பிள்ளையைத் தோற்கடித்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் இதே தொகுதிதான் சி.என்.அண்ணாதுரையைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. திமுக முதன்முதலாகத் தேர்தலில் நின்ற 1957இல் 15 பேர் வென்றார்கள்; அவர்களுக்குத் தலைவராக அவர் அங்கே உட்கார்ந்தார். அந்த 15 பேரும் திரும்பி வரக் கூடாது என்று காங்கிரஸ் அடுத்த தேர்தலுக்குத் தொகுதி தொகுதியாக வேலை செய்தது. குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்குப் போய் நின்ற கருணாநிதி தப்பினார். காஞ்சிபுரத்தில் காங்கிரசின் எஸ்.வி.நடேச முதலியார் வென்றார். பேருந்துகள் ஓட்டியவர், ஊரில் செல்வாக்குள்ளவர்.

அந்தத் தோல்விக்கான காரணங்களை ஊர் இன்றும் பலவிதமாகச் சொல்லும். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கதை, பிள்ளையார்பாளையத்தில் வேறொரு கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. தலைவர் தோற்ற அதே தேர்தலில் கட்சி 15 இடங்களிலிருந்து 50 இடங்களுக்கு வளர்ந்திருந்தது. சட்டமன்றத்தில் நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்த 50 பேரின் வாக்கு அண்ணாவை டெல்லியில் மாநிலங்களவைக்கு அனுப்பியது. சொந்த ஊர் வேண்டாமென்று சொன்ன மனிதர், அடுத்த ஐந்தாண்டுகள் அந்த அவையில் எதிர்வரிசையில் உட்கார்ந்து பேசினார். அங்கே பேசியது காஞ்சிபுரத்துச் சட்டமன்ற உறுப்பினராக இருந்து பேசியிருக்கக்கூடியதைவிடப் பெரியது என்பது என் துணிபு.

இது எப்படி முடிந்தது என்பதற்குத் தேர்தல் முறையிலேயே விடை இருக்கிறது. தொகுதித் தேர்தலில் ஒரு வாக்கு அதிகம் வாங்கியவருக்கு முழுத் தொகுதியும் போகிறது. அடுத்தவருக்கு ஒன்றும் இல்லை. மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் விகிதாசார முறையில், விருப்ப வரிசை குறித்து வாக்களிக்கிறார்கள். இன்றைய தமிழ்நாட்டுக் கணக்கில் 234 பேர் கொண்ட சட்டமன்றத்தில் ஆறு இடங்கள் காலியானால், 34 பேரின் ஆதரவு கிடைத்தவர் உள்ளே போய்விடலாம். சிறுபான்மையாக உள்ள கட்சிக்கும் அதன் அளவுக்கு ஒரு பங்கு உறுதி. ஆக, மாநிலங்களவையில் எதிர்க்கட்சி என்று ஒன்று உட்காருவது தற்செயலாக நடப்பதில்லை. அது அமைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது.

இந்த வழியைக் கொல்லைப்புற வாசல் என்று ஏசுவது நம் மேடைகளில் வாடிக்கை. மக்களிடம் தோற்றவர் பின்வாசல் வழியாக நுழைகிறார் என்பார்கள். யார் யார் அந்த வாசல் வழியாக நுழைந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்க்கலாம். முதல் பொதுத்தேர்தலில் வடக்கு பம்பாயில் தோற்ற அம்பேத்கர் 1952இல் மாநிலங்களவைக்கு வந்தார். தாம் எழுதிய அரசமைப்புச் சட்டத்தைத் தாமே முதலில் கொளுத்துவேன் என்று அவர் கொதித்துச் சொன்னது 1953இல், ஆந்திர மாநில மசோதா விவாதத்தின்போது, அந்த அவையில்தான். சிறுபான்மையினரைப் பெரும்பான்மையிடமிருந்து காக்க ஏற்பாடு போதவில்லை என்ற வேதனை அதன் பின்னால் இருந்தது. அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்ற அதே 1962இல் வாஜ்பாய் பல்ராம்பூரில் தோற்றார். அவரும் மாநிலங்களவைக்கு வந்தார். ஒருவர் இந்தி ஆதிக்கத்தை எதிர்த்தவர், மற்றவர் இந்திக்காக வாதாடியவர். இரண்டு தோற்ற மனிதர்களும் ஒரே அவையில் எதிர்வரிசையில் இருந்தார்கள். ஐந்தாண்டில் ஒருவர் முதலமைச்சரானார். மற்றவர் பின்னாளில் பிரதமரானார். 1999இல் தெற்கு டெல்லியில் தோற்ற மன்மோகன் சிங் 2004 வரை மாநிலங்களவையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். 2014இல் உதம்பூரில் தோற்ற குலாம் நபி ஆசாத் அந்தப் பொறுப்பை ஏற்றார். 2019இல் குல்பர்காவில் தோற்ற மல்லிகார்ஜுன கார்கே அவருக்குப் பின் வந்தார்.

ஒரு தொகுதி ஒரு மனிதரை நிராகரிக்கலாம். அதற்கு அந்தத் தொகுதிக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அவர் பேசிவந்த வாதத்தையும் சேர்த்து நாடு நிராகரித்துவிட்டது என்று பொருள்கொள்ள முடியாது. தேர்தலில் தோற்றவருக்குத் தொண்டை அடைத்துப்போகாத ஓர் இடம் குடியரசில் இருக்க வேண்டும். மாநிலங்களவையின் எதிர்வரிசையை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அண்ணா அங்கே எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவியில் இருக்கவில்லை. முறையான அங்கீகாரத்தோடு அப்படி ஒரு பதவியே அப்போது அவையில் கிடையாது. காங்கிரஸ் உடைந்தபின் 1969 டிசம்பரில்தான் ஸ்தாபன காங்கிரசின் சியாம் நந்தன் மிஸ்ரா முதல் அங்கீகாரம் பெற்றார். சம்பளமும் அமைச்சருக்குரிய வசதிகளும் சட்டமாக வந்தது 1977இல். 1962இல் எதிர்வரிசை என்பது பல சிறு குழுக்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் பூபேஷ் குப்தா போன்றவர்கள் முதல் நாளிலிருந்தே அங்கே வாதாடிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கட்சிகள் தாராளமாகவும் வெளிப்படையாகவும் அரசை விமர்சிக்க இடமில்லாவிட்டால் ஜனநாயகம் கொடுங்கோன்மையாகத் திரிந்துவிடும் என்று அவைத் தலைவர் ராதாகிருஷ்ணன் 1952 மே மாதமே அந்த அவையில் சொல்லிவைத்திருந்தார்.

அண்ணாவின் முதல் உரை 1962 மே முதல் நாள். குடியரசுத் தலைவர் உரை மீதான விவாதம். அந்தக் கால நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைப் படித்தவர்களுக்கு அவற்றின் தோற்றம் தெரியும். பக்கத்துக்கு இரண்டு பத்தி, எண்ணிட்ட பத்திகள், ஆங்கிலப் பேச்சுகளுக்கு நடுவே இந்திப் பேச்சுகள் நாகரி எழுத்தில் அச்சாகியிருக்கும். பேச்சின் இடையில் யாராவது குறுக்கிட்டால் அதையும் பெயரோடு பதிந்திருப்பார்கள். தான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன் என்று அவர் அங்கே சொல்கிறார். அப்படிச் சொல்வதால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ தான் எதிரானவன் ஆகிவிட மாட்டேன் என்பதையும் அடுத்த மூச்சிலேயே சொல்கிறார். பிறகு சுயநிர்ணய உரிமை கேட்கிறார். அவையில் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கோரிக்கை அதிர்ச்சி, பலருக்குக் கோபம். குறுக்கீடுகள் வருகின்றன. அவர் குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொல்லிவிட்டு மேலே போகிறார். எனக்கு அந்தக் குறிப்புகளில் பிடித்தது இதுதான்: நாட்டைப் பிரிக்கக் கேட்கும் ஒருவரைப் பேசவிட்டு, அதைச் சொல்லுக்குச் சொல் அச்சடித்து அரசே வைத்திருக்கிறது. அன்றைய அரசின் மீது எனக்குப் பல குறைகள் உண்டு. அந்த அச்சுப் பக்கத்துக்கு நான் நன்றியுள்ளவன்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதன் அருமை மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிய வேண்டும். வரதராசப் பெருமாள் கோயில் புறப்பாட்டில் பிரபந்தம் ஓதும் கோஷ்டியில் யார் வாய் திறக்கலாம் என்பதற்காக வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். பலர் கூடியிருக்கும் இடத்தில் தன் குரலும் கேட்க வேண்டும் என்று ஒருவர் கேட்பது சின்ன விஷயமில்லை. ஏழாம் நூற்றாண்டில் இந்த ஊரை ஆண்ட மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில் காபாலிகனும் புத்த பிட்சுவும் பாசுபதனும் காஞ்சித் தெருவில் நின்று வாதாடுகிறார்கள். அரசனே எதிரெதிர் வாதங்களை எழுதிவைத்த ஊர் இது.

முதல் உரைக்குப் பின் வந்த மாதங்கள் வேகமானவை. விலைவாசி உயர்வை எதிர்த்த போராட்டத்தில் அண்ணா வேலூர்ச் சிறைக்குப் போனார். அக்டோபரில் சீனப் படையெடுப்பு. பிரிவினைப் பேச்சை ஒதுக்கிவைத்துப் போர் முயற்சிக்கு ஆதரவு தந்தார். அடுத்த ஆண்டே பிரிவினை கேட்பதைத் தடுக்கும் 16ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவரும் வென்றவரும் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது அந்தத் திருத்தம். மாநிலங்களவையில் அவர் அதை எதிர்த்துப் பேசியபோது எடுத்த கேள்வி ஆழமானது: இறையாண்மை என்பது எங்கே இருக்கிறது? அரசமைப்பின் முகப்புரைப்படி அரசியல் இறையாண்மை மக்களிடம் இருக்கிறது; சட்டப்படியான இறையாண்மை ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் பகிர்ந்து கிடக்கிறது என்று வாதாடினார். மசோதா நிறைவேறியது. திமுக அந்த ஆண்டே திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. வாக்கெடுப்பில் தோற்ற வாதம் மட்டும் தங்கிவிட்டது. 1969இல் ராஜமன்னார் குழு, 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம் என்று தமிழ்நாட்டு அரசே பின்னால் எடுத்த அடிகளுக்கு அந்தப் பேச்சு வேராக இருந்தது. நாட்டைப் பிரிக்கும் கோரிக்கை, நாட்டுக்குள் அதிகாரத்தைப் பகிரும் கோரிக்கையாக மாறியது அந்த ஆண்டுகளில்தான். அந்த மாற்றத்துக்கு வாய்ப்புக் கொடுத்த இடங்களில் ஒன்று டெல்லி அவை என்பதை நம் கட்சி வரலாறுகள் போதிய அளவு சொல்வதில்லை.

அடுத்தது ஆட்சிமொழி மசோதா. இதில்தான் நான் சற்று நின்று பேச வேண்டும். 1965 ஜனவரி 26க்குப் பின் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பது அரசமைப்பின் ஏற்பாடு. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு 1959இல் நாடாளுமன்றத்தில் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைச் சட்டமாக்குவதாகச் சொல்லி 1963இல் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி மசோதா கொண்டுவந்தார். மூன்றாம் பிரிவில் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்று இருந்தது. பயன்படுத்தப்பட வேண்டும் என்று இல்லை. எதிர்த்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தொடரலாம் என்பதற்குத் தொடராமலும் விடலாம் என்று நாளைக்கு ஒருவர் பொருள் சொல்ல மாட்டாரா? இரண்டுக்கும் இங்கே ஒரே பொருள்தான் என்று அரசுத் தரப்பு சமாதானம் சொன்னது. ஒரே பொருள்தான் என்றால் உறுதியான சொல்லையே போட்டுவிடுங்களேன் என்றார்கள் எதிர்த்தவர்கள். அவர்களுக்கு முன்னணியில் நின்றவர் அண்ணா. ஆங்கிலம் தொடர்ந்தால் இந்தி பேசுவோருக்கும் பேசாதோருக்கும் நன்மையும் சிரமமும் சமமாகப் பங்காகும் என்பது அவருடைய வாதம். நல்ல பிரதமர் ஒருவரின் வாக்கை நம்பலாம். அவருக்குப் பின் வருபவர்களைக் கட்டுப்படுத்துவது சட்டத்தில் உள்ள சொல் மட்டுமே.

சொல் மாறவில்லை. மசோதா சட்டமானது. 1964 மே மாதம் நேரு மறைந்தார். 1965 ஜனவரியில் தமிழ்நாடு பற்றி எரிந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தீக்குளித்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அழகேசன் எங்கள் செங்கல்பட்டுப் பகுதியின் மக்களவை உறுப்பினர். பிப்ரவரி 11ஆம் தேதி பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி நேருவின் வாக்கை மீண்டும் உறுதிசெய்தார். 1967 இறுதியில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. இன்னின்ன அலுவல்களுக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்ற உறுதியான சொல் உள்ளே வந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் போடும்வரை அது நீடிக்கும் என்றும் எழுதப்பட்டது. இன்றும் அந்த ஏற்பாடு நடப்பில் இருக்கிறது.

1963இல் கேட்ட சொல் 1967இல் கிடைத்தது. இடையில் நான்கு ஆண்டுகளும் அத்தனை உயிர்களும். அவையில் எதிர்க்கட்சி சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வதால் அரசுக்கு என்ன இழப்பு என்று யாராவது கேட்டால் நான் இந்த நான்கு ஆண்டுகளைக் காட்டுவேன். அவையில் கேட்கத் தவறியதைத் தெருவில் கேட்க வேண்டிவந்தது. இதை எழுதும்போதும் எனக்கு ஆற்றாமை வருகிறது. ஒரு சொல்லை மாற்ற எத்தனை மணி நேரம் பிடித்திருக்கும்?

மாநிலங்களவை எதிர்வரிசைக்கு அரசைக் கவிழ்க்கும் பலம் கிடையாது. பண மசோதாவைப் 14 நாட்களுக்கு மேல் நிறுத்திவைக்கவும் முடியாது. ஆனால் எண்ணிக்கை கூடிவரும்போது தடுத்து நிறுத்தியிருக்கிறது. 1970 செப்டம்பரில் மன்னர் மானிய ஒழிப்பு மசோதாவுக்கு ஆதரவாக 149 வாக்குகள், எதிராக 75. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கின் சிறு பகுதி குறைந்து அது விழுந்தது. 1989 அக்டோபரில் ராஜீவ் காந்தியின் பஞ்சாயத்து ராஜ், நகர்பாலிகா மசோதாக்கள் அங்கே விழுந்தன. மாநிலங்களைத் தாண்டி டெல்லி நேராக ஊராட்சிக்குக் கை நீட்டுகிறது என்பது எதிர்த்தவர்களின் வாதம். அதில் நியாயம் இருந்தது. அதே நேரம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் அரசமைப்பில் ஏற அதனால் மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. எதிர்வரிசையின் எல்லா வெற்றிகளையும் கொண்டாட முடியாது என்பதற்கு இது சாட்சி.

2002ஐ நினைத்துப் பார்க்கிறேன். பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவுக்கான மசோதாவை அந்த மார்ச் மாதம் மாநிலங்களவை நிராகரித்தது. எதிர்க்கட்சித் தலைவர் மன்மோகன் சிங். சட்டம் துஷ்பிரயோகம் ஆகும் என்று எதிர்வரிசை எச்சரித்தது. சில நாட்களில் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டி அரசு அதை நிறைவேற்றிக்கொண்டது. அந்த ஜூலையில் தமிழ்நாட்டில் அதே சட்டத்தில் கைதானவர் வைகோ. மசோதாவை ஆதரித்த கூட்டணியில் இருந்த மக்களவை உறுப்பினர் அவர். ஒரு மேடைப் பேச்சுக்காக ஒன்றரை ஆண்டுக்கும் மேல் சிறையில் இருந்தார். 2004இல் சட்டமே ரத்தானது. அப்போதும் தோற்ற அவையின் சொல்தான் நின்றது.

இவ்வளவும் பெரிய விஷயங்கள். பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அவர் முன்னால் இருக்கும் பாவைப் பாருங்கள். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. ஊரிலேயே அரசு ஜரிகை ஆலை இருந்தும் இதுதான் நிலை. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமுமாகக் கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் உட்கார்ந்து மூன்று நாடாக்களை மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். நெய்து முடித்த புடவை மறுபடி மாநில எல்லை தாண்டி ஹைதராபாத்துக்கோ பெங்களூருக்கோ விற்பனைக்குப் போகிறது. ஒரு புடவைக்குள் குறைந்தது மூன்று முறை எல்லை தாண்டல் இருக்கிறது.

ஜிஎஸ்டிக்கான அரசமைப்புத் திருத்த மசோதாவில், மாநில எல்லை தாண்டும் சரக்கு மீது ஒரு விழுக்காடு வரை கூடுதல் வரி போடலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. கட்டிய வரியைப் பின்னால் கழித்துக்கொள்ள முடியாத வரி. எல்லை தாண்டும் ஒவ்வொரு முறையும் அது மேலே ஏறிக்கொண்டே போகும். மக்களவையில் ஆளும் தரப்புக்குப் பெரும்பான்மை இருந்தது. அங்கே மசோதா அப்படியே நிறைவேறியது. மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லை. அங்கே அது தெரிவுக் குழுவுக்குப் போனது. ஆசாத் தலைமையிலான எதிர்வரிசை அந்த ஒரு விழுக்காட்டை நீக்காமல் விட மாட்டோம் என்று நின்றது. 2016 ஆகஸ்ட் 3 அன்று அந்தப் பிரிவு இல்லாமல் மசோதா நிறைவேறியது. காங்கிரஸ் தரப்பில் அன்று விவாதத்தைத் தொடங்கியவர் ப.சிதம்பரம். அதிமுக வெளிநடப்பு செய்தது. ஆதரவு 203, எதிர்ப்பு ஒன்றுமில்லை.

ஜிஎஸ்டி வந்தபின் நெசவாளிக்கும் சிறு முதலாளிக்கும் வந்த தொல்லைகள் தனிக் கதை. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வராமல் போன ஒரு வரியைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது. மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவரின் வேலை பெரும்பாலும் இப்படிப்பட்டது. நடக்காமல் போன தீங்குக்கு யாரும் சுவரொட்டி ஒட்ட மாட்டார்கள். தெரிவுக் குழுவுக்கு அனுப்பு என்று கேட்பதும், ஒரு பிரிவை எடு என்று மாதக்கணக்கில் பேரம் பேசுவதும் தொலைக்காட்சியில் காட்டும் காட்சிகள் அல்ல.

இந்த வேலைக்கு அண்மைக் காலத்தில் வந்திருக்கும் நெருக்கடியைச் சொல்லியாக வேண்டும். 2014 மே முதல் 2024 ஜூன் வரை மக்களவையில் எதிர்க்கட்சித் தலைவரே இல்லை. காங்கிரசுக்கு முதலில் 44 இடம், பிறகு 52. பத்திலொரு பங்கு இல்லை என்று அங்கீகாரம் மறுக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டும் இந்திய நாடாளுமன்றத்தில் அங்கீகாரம் பெற்ற ஒரே எதிர்க்கட்சித் தலைவர் மாநிலங்களவையில்தான் இருந்தார். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவில் இரு அவைகளின் எதிர்க்கட்சித் தலைவர்களுக்கும் சட்டப்படி இடம் உண்டு. அந்த மேசையில் அந்த ஆண்டுகளில் மாற்றுக்குரல் என்று இருந்தது அவர் ஒருவர். 2021இல் கார்கே அங்கே தன் மறுப்பைப் பதிவு செய்தார். மறுப்பு தோற்றது. பதிவு இருக்கிறது.

2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தன. அவற்றைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கேட்டவர்களில் திமுகவின் திருச்சி சிவாவும் ஒருவர். வாக்குகளை எண்ணிப் பதியுங்கள் என்று எதிர்வரிசை கேட்டது. குரல் வாக்கெடுப்பிலேயே கூச்சலுக்கு நடுவே மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டன. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். அதற்குப் பிறகு டெல்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டு உட்கார்ந்ததும், 2021 இறுதியில் அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டதும் எல்லாரும் பார்த்தது. 1963இல் நடந்தது மறுபடி நடந்தது. 2023 டிசம்பர்க் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் 46 பேர் மாநிலங்களவையினர். காலியான எதிர்வரிசைக்கு முன்னால் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் நிறைவேறின.

எதிர்வரிசை மீதும் எனக்குக் கோபம் உண்டு. அட்டையைத் தூக்கிக்கொண்டு நடுமன்றத்துக்கு ஓடுவது, முதல் மணி நேரத்திலேயே வெளிநடப்பு செய்வது, ஒரே நாளில் ஒன்பது பேர் ஒரே பேச்சைப் பேசுவது. இதனால் அன்றைய செய்திக்கு ஒரு படம் கிடைக்கும். பத்தாண்டு கழித்து ஒருவர் எடுத்துப் பார்க்கும் நடவடிக்கைக் குறிப்பில் வாதம் எதுவும் இருக்காது. திருச்சி சிவா திருநர் உரிமைக்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று அவையில் நிறைவேறி அப்போது பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அது மக்களவையைத் தாண்டிச் சட்டமாகவில்லை என்றாலும், அரசு தானே ஒரு மசோதா கொண்டுவர வேண்டிய நிலையை உண்டாக்கியது. ஒற்றை உறுப்பினர், கையில் ஒரு மசோதா, படித்துத் தயாரித்த ஒரு பேச்சு. அவையில் இப்படியும் செய்ய முடியும்.

நம் மாநிலத்தில் இப்படி ஓர் அவை இருந்ததையும் நாம் மறந்துவிட்டோம். 1967இல் முதலமைச்சரான அண்ணா சட்டமேலவை உறுப்பினராகத்தான் ஆட்சி நடத்தினார். 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மேலவை ஒழிக்கப்பட்டது. அப்போது அதன் தலைவர் ம.பொ.சி., அதில் உறுப்பினராக இருந்தவர் எதிர்த்தரப்பின் முதன்மைக் குரலான கருணாநிதி. பிறகு திமுக ஆட்சிக்கு வரும்போதெல்லாம் மேலவையைக் கொண்டுவர முயல்வதும், அதிமுக வந்து அதைத் தடுப்பதும் நடந்தது. கட்சிக்காரர்களுக்குப் பதவி தரும் இடம் என்ற குற்றச்சாட்டு பொய்யில்லை. ஆனாலும் அது இருந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஒரே கட்சி சட்டமன்றத்தை முழுக்க வாரிக்கொண்டு போன தேர்தல்கள் நமக்குப் புதிதல்ல. அத்தகைய ஐந்தாண்டுகளில் தோற்ற தரப்பு பேச வேறு இடமே இல்லாமல் போகிறது.

எங்கள் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை இப்போது எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பராந்தக சோழன் காலத்தில் குடவோலை போட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்தது, கணக்குக் காட்டாதவரை விலக்கியது எல்லாம் பெருமைதான். யார் உள்ளே வரலாம், யார் வரக் கூடாது என்பதை அந்தக் கல் நுணுக்கமாகச் சொல்கிறது. உள்ளே வந்தவர்கள் எடுக்கும் முடிவை எதிர்ப்பவருக்கு அதில் ஓர் இருக்கை குறிக்கப்படவில்லை. அந்த இருக்கையை நாம் பின்னால்தான் கண்டுபிடித்தோம். அதற்கு இன்னும் பாதுகாப்பு போதவில்லை.

மாநிலங்களவையில் இப்போதைய வழக்கப்படி 245இல் பத்திலொரு பங்கான 25 பேராவது இருந்தால்தான் எதிர்க்கட்சித் தலைவர் அங்கீகாரம். காங்கிரஸ் அண்மை ஆண்டுகளில் அந்த எல்லைக்கு அருகிலேயே நின்றுகொண்டிருந்தது. நான்கைந்து இடம் குறைந்தால் பதவியும், அதோடு சேர்ந்த குழு இடங்களும் போய்விடும். 1977ஆம் ஆண்டுச் சட்டத்தில் பத்து விழுக்காடு என்ற நிபந்தனையே இல்லை. எதிர்வரிசையில் அதிக உறுப்பினர் கொண்ட கட்சியின் தலைவர், அவைத் தலைவரால் ஏற்கப்பட்டவர் என்றுதான் இருக்கிறது. பத்து விழுக்காடு என்பது அவை நடைமுறையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அவைத் தலைவரின் ஏற்பைக் கட்டாயமாக்கி, எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் பெரிய எதிர்க்கட்சிக்கு அந்த இடம் உண்டு என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். 2015இல் டெல்லி சட்டமன்றத்தில் 70 பேரில் பாஜகவுக்கு மூன்று பேர்தான். 67 இடங்களை வென்ற ஆம் ஆத்மி கட்சியின் அவை அந்த மூவரில் ஒருவரான விஜேந்தர் குப்தாவை எதிர்க்கட்சித் தலைவராக ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குப் போகும் 18 பேரில் யாராவது ஒருவர் இதையே ஒரு தனிநபர் மசோதாவாகக் கொண்டுபோகலாம்.